பழைய 7 சீட்டர் எஸ்யூவி வாங்கும்போது நடக்கிற தவறுகள்: கடைசி வரிசையில் உட்காராமல் விலை பேசாதீர்கள்

குடும்பத்துக்கு என்று பழைய 7 சீட்டர் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டார்ட் செய்து, புகை பார்த்து, தெரு முனை வரை ஒரு சுற்று போய்வந்து, ஸ்கிரீன் பெரிதாக இருக்கிறதா, சன்ரூஃப் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு விலைக்கு வந்துவிடுவார்கள். கடைசி வரிசை சீட்டு மடித்தபடியே கிடக்கும். ஐந்து பேர் போகிற காரைவிட அதிகமாகக் கொடுக்கிற பணம் முழுக்க அந்த வரிசைக்காகத்தான். அதை விரித்து, ஏறி, கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதுதான் இந்த வகை வண்டியில் நடக்கிற முதல் தவறு. மற்ற பல தவறுகளும் அதிலிருந்துதான் கிளை விடுகின்றன.

இப்போது இந்த மார்க்கெட்டில் சரக்கு நிறைய வருவதற்குக் காரணம் உண்டு. எம்ஜி ஹெக்டர் பிளஸ்ஸின் 7 சீட்டர், டாடாவின் புதிய சஃபாரி, ஹூண்டாய் அல்கஸார், மஹிந்திரா எக்ஸ்யூவி 700 நான்கும் 2021-இல் வந்தவை. கியா கேரன்ஸ் 2022 பிப்ரவரியில் வந்தது. முதல் ஓனர்கள் லோன் முடித்து வண்டி மாற்றுகிற நேரம் இது. விலை குறைவாகத் தேடுகிறவர்களுக்கு 2011 முதல் 2021 வரை விற்ற எக்ஸ்யூவி 500 இருக்கிறது. இவை எல்லாமே கார் போன்ற ஒற்றைக் கூடு பாடி கொண்டவை. இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் போலத் தனி சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்தவை அல்ல. அதனால் ஓட்ட சுகமாக இருக்கும். ஆனால் அடிபட்டு நிமிர்த்திய வண்டியாக இருந்தால் விளைவும் வேறு மாதிரி இருக்கும்.

கடைசி வரிசையைப் பார்க்கும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். முதலில் டிரைவர் சீட்டை ஓட்டுகிறவரின் உயரத்துக்கு வையுங்கள். அதன் பின்னால் இரண்டாவது வரிசையில் ஒரு பெரியவர் கால் வைக்க இடம் விட்டு சீட்டை நிறுத்துங்கள். அதற்குப் பிறகுதான் மூன்றாவது வரிசையில் ஏற வேண்டும். பலர் இரண்டாவது சீட்டை முழுக்க முன்னால் தள்ளிவிட்டு, "பின்னாடி நல்லா இடம் இருக்கே" என்கிறார்கள். அப்படி யாரும் பயணம் போவதில்லை. உட்கார்ந்ததும் முழங்காலைப் பாருங்கள். தரை உயரமாக இருப்பதால் தொடை சீட்டில் பதியாமல் முழங்கால் மார்பு நோக்கி எழும்பி நின்றால், பத்து வயதுப் பையனுக்குப் போதும். சென்னையிலிருந்து மதுரை வரை ஒரு பெரியவர் அதில் வர முடியாது.

ஏறி இறங்குவதும் அதே அளவு முக்கியம். பல மாடல்களில் இரண்டாவது சீட்டு ஒரு பக்கம் மட்டும்தான் குப்புறக் கவிழ்ந்து வழி விடும். அந்த லீவரை நீங்களே இழுத்துப் பாருங்கள். கேபிள் தளர்ந்து, இரண்டு கையாலும் மல்லுக்கட்ட வேண்டிய வண்டிகள் நிறைய. மூட்டுவலி உள்ள அம்மாவோ மாமியாரோ வீட்டில் இருந்தால் அவரையே கூட்டிப்போய் ஏறச் சொல்லுங்கள். கைக்குழந்தை இருந்தால் இன்னொரு சிக்கல்: குழந்தை சீட்டைப் பூட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் இரண்டாவது வரிசை ஓரச் சீட்டுகளில்தான் இருக்கும். குழந்தை சீட்டை அங்கே மாட்டிவிட்டால் பொதுவாக அந்த சீட்டு கவிழாது. கவிழ்கிற பக்கத்திலேயே மாட்ட வேண்டி வந்தால் பின் வரிசைக்கு வழியே அடைபட்டுப் போகும். இந்த மாதிரி வீடுகளுக்கு நடுவில் நடந்துபோக இடம் விடுகிற 6 சீட்டர், அதாவது கேப்டன் சீட் மாடல், ஒரு இடம் குறைந்தாலும் நல்லது என்பது என் கருத்து.

அப்படியே டிக்கியைத் திறந்து, மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். 2021 சஃபாரியில் அது 73 லிட்டர். ஹெக்டர் பிளஸ்ஸில் 155, அல்கஸாரில் 180, கேரன்ஸில் 216. 73 லிட்டர் என்றால் இரண்டு பள்ளிக்கூடப் பையும் ஒரு தண்ணீர்க் கேனும்தான். ஏழு பேரும் ஏழு பேரின் துணியும் ஒன்றாகப் போக வேண்டும் என்றால் கூரை மேல் கேரியர் வேண்டும், இல்லையென்றால் வேறு வண்டி பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் நடக்கிற தவறு, நட்சத்திரத்தைக் கேட்டதோடு திருப்தி அடைவது. எக்ஸ்யூவி 700 2021-இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கியது. கேரன்ஸ் 2022-இல் 3 வாங்கியது. சஃபாரியின் 5 நட்சத்திரம் 2023 அக்டோபரில், அந்த வருடம் புதுப்பிக்கப்பட்ட மாடலுக்குக் கொடுத்தது. 2021 சஃபாரியைக் காட்டி "5 ஸ்டார் சார்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்றும் உண்டு: அந்தச் சோதனையில் பெரியவர் பொம்மைகள் முன் சீட்டிலும், குழந்தை பொம்மைகள் இரண்டாவது வரிசையிலும்தான் உட்காருகின்றன. மூன்றாவது வரிசையில் உட்காருகிற உங்கள் பிள்ளையைப் பற்றி அந்த நட்சத்திரம் நேரடியாக எதுவும் சொல்வதில்லை.

அதனால் அங்கே கண்ணால் பார்க்கிறதுதான் சோதனை. ஏழு பெல்ட்டையும் ஒவ்வொன்றாக இழுத்து மாட்டுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், விட்டால் முழுசாக உள்ளே போக வேண்டும். கடைசி வரிசையின் பக்கிள் பெரும்பாலும் சீட்டு இடுக்கில் புதைந்து கிடக்கும், சில வண்டிகளில் சீட் கவர் போட்டவர் அதை உள்ளேயே வைத்துத் தைத்திருப்பார். தலைக்கு ஹெட்ரெஸ்ட் இருக்கிறதா, நிமிர்த்தினால் நிற்கிறதா என்று பாருங்கள். பின் கண்ணாடி அங்கே தலைக்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் கடைசி வரிசை வரை நீள்கிறதா என்பது மாடலுக்கு மாடல், வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும். விற்பவர் வாய்மொழியை நம்பாமல் அந்த வருடத்து பிரோஷரைத் தேடி எடுத்துப் பார்ப்பது நல்லது. பழைய ஸ்கார்ப்பியோ போல் பின்னால் எதிரெதிரே உட்காருகிற பக்கவாட்டு சீட்டு உள்ள வண்டியில் குழந்தைகளை ஏற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன், விலை எவ்வளவு குறைந்தாலும்.

ஏசியைக் காலை ஏழு மணிக்கு நிழலில் நிறுத்திப் பார்ப்பதில் பயனில்லை. மதியம் வெயிலில் அரை மணி நேரம் நின்ற வண்டியைக் கேளுங்கள். எல்லாக் கதவையும் மூடி, ஏசி போட்டு, கடைசி வரிசையில் நீங்கள் உட்காருங்கள். பின்னால் வருவது குளிர்ந்த காற்றா, வெறும் ஃபேன் காற்றா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தனி ரியர் ஏசி உள்ள வண்டிகளில் அதன் குழாய்கள் வண்டிக்கு அடியில் பின்பக்கம் வரை ஓடும். கடலோர ஊர்களில் ஓடிய வண்டிகளில் அவை துருவேறி கேஸ் கசிந்தால், முன்னால் இருப்பவருக்குக் கொஞ்ச நாள் தெரியவே தெரியாது.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போவது இன்னொரு பெரிய தவறு. இந்த வண்டி காலியாக ஓடும்போது காட்டுகிற முகம் வேறு, ஏழு பேரோடு காட்டுகிற முகம் வேறு. ஏழு பேர் என்றால் சராசரி 60 கிலோ வைத்தாலும் 420 கிலோ. அதன் மேல் பெட்டிகள். வீட்டில் உள்ளவர்களை முடிந்தவரை ஏற்றிக்கொண்டு, ஸ்பீடு பிரேக்கர் உள்ள தெருவும் மேம்பாலமும் இருக்கிற பாதையில் ஓட்டுங்கள். முன்னதாக டிரைவர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்து, முழு லோடுக்கு எழுதியிருக்கிற காற்றழுத்தத்தை டயரில் வையுங்கள். பின்பக்கம் அளவுக்கு மீறி உட்கார்ந்து போகிறதா, ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது 'டொக்' என்று அடிக்கிறதா, மேம்பாலம் ஏறும்போது கிளட்ச் நழுவி எஞ்சின் மட்டும் உறுமுகிறதா என்று கவனியுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ஏற்றத்தில் நிறுத்தி நிறுத்தி நகர்த்திப் பாருங்கள். டிசிடி என்கிற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உதறினால் அப்போதுதான் தெரியும். ஒரு கட்டத்தில் ஸ்டியரிங்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கடைசி வரிசைக்குப் போங்கள். பின் சஸ்பென்ஷன் சத்தமும், டிக்கிக் கதவின் கடகடப்பும் அங்கே தெளிவாகக் கேட்கும். ஏற்காட்டின் 20 வளைவோ வால்பாறையின் 40 வளைவோ ஏறப்போகிறவர்கள் குழந்தைகளுக்குக் குமட்டுகிறதா என்பதையும் இந்த ஓட்டத்திலேயே பார்த்துவிடலாம்.

டீசல் எடுக்கிறவர்கள் செய்கிற தவறு, "கம்மி கிலோமீட்டர், சிட்டிக்குள்ளேயே ஓடியது" என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 டீசல்களில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. சேர்கிற கரியை அது அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்குச் சூடு வேண்டும். சூடு வர வண்டி நெடுஞ்சாலையில் நிலையான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். தினமும் நான்கு கிலோமீட்டர் பள்ளிக்கூடம், இரண்டு கிலோமீட்டர் மார்க்கெட் என்று ஓடிய வண்டியில் அது நடப்பதில்லை. எரிப்பு பாதியில் நிற்கிறபோதெல்லாம் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறவும் செய்யும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்: ஆயில் மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடை அடித்தால் கேள்வி கேளுங்கள். ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக்கைக் கூட்டிப்போனால் கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைப் பல மாடல்களில் படித்துச் சொல்லிவிடுவார். முழு டிபிஎஃப் மாற்றுவது பெரிய செலவு. உங்கள் ஓட்டமும் ஊருக்குள்ளேதான் என்றால் பெட்ரோல் எடுங்கள். மைலேஜில் இழப்பதைவிட நிம்மதி அதிகம்.

தமிழ்நாட்டில் வாங்குகிறவர்கள் வெள்ளத்தை மறக்கவே கூடாது. 2015 டிசம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம் என்று எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. இந்த வண்டிகளில் வயரிங்கும் பல கனெக்டர்களும் கார்பெட்டுக்கு அடியில், சீட்டுக்குக் கீழே ஓடுகின்றன. ஏர்பேக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் நடு கன்சோலுக்கு அடியில் தாழ்வாக இருக்கும். கழுவி, சாம்பிராணி வாசம் வர வைத்து விற்றாலும் சில இடங்கள் காட்டிக்கொடுக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கிற அந்தக் கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பாருங்கள். மூன்று வருட வண்டியில் அங்கே துரு வரக் காரணமில்லை. டிக்கித் தரையின் மூடியைத் தூக்கி, ஜாக்கி வைத்திருக்கிற பள்ளத்தில் விரலை ஓட்டுங்கள். மெல்லிய வண்டல் ஒட்டினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். விலையைக் குறைத்து வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் போன வயரிங் எப்போது பழுது காட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

விபத்தைத் தேடுகிறவர்கள் எல்லாரும் முன்பக்கம்தான் தேடுகிறார்கள். இந்த வண்டியில் பின்பக்கம்தான் உங்கள் பிள்ளைகள் உட்காரும் இடம். பல மாடல்களில் ஸ்டெப்னி வெளியே, அடிவயிற்றில் தொங்கும். குனிந்து அதைச் சுற்றியுள்ள தகட்டைப் பாருங்கள்: புதிய வெல்டிங், அடித்து நிமிர்த்திய தடம், அங்கே மட்டும் புதிய கறுப்புப் பூச்சு இருந்தால் பின்னால் வாங்கிய அடி. எல்லாக் கண்ணாடியிலும் ஓரத்தில் கம்பெனி முத்திரை இருக்கும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் மாற்றப்பட்டது. ஏடாஸ், அதாவது டிரைவருக்கு உதவுகிற பாதுகாப்பு வசதிகளுக்கான கேமரா உள்ள வண்டியில் முன் கண்ணாடி மாற்றியிருந்தால், கேமராவை மறுபடி கேலிப்ரேட் செய்த ரசீதைக் கேளுங்கள்.

கிலோமீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீட்டரை நம்பாமல் சர்வீஸ் ரெக்கார்டை நம்புங்கள். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2321 என்றால் 2021-இன் 23-ஆவது வாரம். 30 ஆயிரம் கிலோமீட்டர்தான் என்கிற வண்டியில் நான்கு டயரும் ஒரு முறை மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். டி-போர்டாக, அதாவது வாடகை வண்டியாக ஓடி சொந்த உபயோகத்துக்கு மாற்றிய வண்டியா என்பதையும் ஆர்டிஓ பதிவில் விசாரித்துவிடுங்கள். கம்பெனி திருப்பி அழைத்துச் சரிசெய்கிற ரீகால் வேலை முடிந்ததா என்று சேஸிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்பது இலவசம்தான். 2021 ஜூன் முதல் 2023 ஜூன் வரை தயாரான எக்ஸ்யூவி 700 வண்டிகளில் ஒரு லட்சத்துக்கும் மேல், எஞ்சின் பக்க வயரிங்குக்காகத் திருப்பி அழைக்கப்பட்டன.

டெல்லி நம்பர் டீசல் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுகிறவர்களுக்கு: அங்கே 10 வருடம் தாண்டிய டீசலுக்கு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயமும், 2018-இல் உச்ச நீதிமன்றமும் போட்ட தடைதான் அந்த மலிவுக்கு மூலம். இங்கே கொண்டுவந்தால் அந்த ஊர் ஆர்டிஓவின் என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு வரி, 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய நம்பர் என்று எல்லாம் சேரும். கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பணம் முழுவதையும் கொடுப்பதற்கு முன் ஆர்சியில் ஹெச்பி, அதாவது வண்டி மேல் லோன் இருப்பதற்கான பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேங்க் கொடுத்த என்ஓசியும் படிவம் 35-உம் கையில் வர வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் உங்கள் முன்னால் கையெழுத்துப் போடட்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவருடைய நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி, அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. அந்த வித்தியாசத் தொகையை நீங்கள்தான் கட்ட வேண்டும். அதையும் விலையில் சேர்த்தே பேசுங்கள்.