துவைத்த பிறகும் நாறும் துணி டயபர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணி டயபருக்கு மாறிய வீடுகளில் இரண்டு மூன்று மாதம் போனதும் ஒரு புலம்பல் கிளம்பும். "மடிச்சு வைக்கிறப்ப ஒண்ணும் தெரியல. குழந்தை ஒரு தடவை மூச்சா போனதும் கண்ணு கரிக்குது." சொந்தக்காரப் பெண்கள், பக்கத்து பிளாட்டில் இருப்பவர்கள், அலுவலகத்தில் பிரசவ விடுப்பு முடிந்து வந்தவர்கள் என்று யார் கேட்டாலும் இதே பேச்சுதான். என் மூத்தவனுக்கு டயபர் கட்டிய காலத்தில் நானும் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கக்காவைத் தட்டி எடுத்துவிட்டுத்தான் வாளியில் போட வேண்டும், புது டயபரைத் துவைத்த பிறகுதான் கட்ட வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்த நாற்றம் என்று பார்க்காமல் வைத்தியம் பார்ப்பது

புதிதாகக் கழித்த சிறுநீரில் காரமான வாடை அவ்வளவாக இருக்காது. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போதுதான் அமோனியா வருகிறது. அதற்குச் சில மணி நேரமாவது ஆக வேண்டும். டயபர் நனைந்த சில நிமிடங்களிலேயே கண் எரிகிறது என்றால், பாக்டீரியாவும் பழைய சிறுநீரின் மிச்சமும் துணிக்குள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. மெஷினிலிருந்து ஈரமாக எடுக்கும்போதே அழுக்கு வாடை அடித்தால், துவைத்தது பத்தவில்லை. காய்ந்த பிறகு புழுங்கிய வாடை வந்தால், காயவைத்ததில் கோளாறு. எண்ணெய்ச் சிக்கு வாடை தனி.

நன்றாகத் துவைத்த துணியிலும், கழித்தவுடனேயே சிறுநீர் கடுமையாக நாறுகிறதா? குழந்தைக்குக் காய்ச்சலோ, கழிக்கும்போது அழுகையோ இருக்கிறதா? டயபரை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் போங்கள், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்.

சோப்பைக் குறைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். பணமும் இதில்தான் அதிகம் போகிறது. டயபர் விற்கும் இடத்தில் ஒரு சின்ன அட்டை தருவார்கள்: "கால் ஸ்பூன் டிடர்ஜென்ட் போதும்." வீட்டுப் பெரியவர்களும் தலையாட்டுவார்கள்: "பச்சைக் குழந்தைக்குப் போடுற துணி, சோப்பு தங்கினா புண்ணு வரும்." இரண்டு பேரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் வீட்டிலேயே அதிக அழுக்கான துணிக்கு வீட்டிலேயே குறைவான சோப்பு என்று முடிகிறது. நாலு சட்டைக்குப் போடுகிற பவுடரில் பாதிகூட இல்லாமல், ஒரு நாள் முழுக்க மூத்திரத்தில் ஊறிய, டயபருக்குள் ஈரம் உறிஞ்ச வைக்கும் உள்துணிகள் இருபதைத் துவைத்தால் என்ன ஆகும்? மேலோட்டமாக அழுக்கு போகும். நூலுக்குள் இருப்பது அப்படியே நிற்கும். அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு படலம் ஏறும்.

என் சித்தி பெண் கோயம்புத்தூரில் இருந்தவரை அவள் டயபர்களில் ஒரு வாடையும் இல்லை. அவர்கள் தெருவுக்குச் சிறுவாணித் தண்ணீர். கணவருக்கு வேலை மாற்றம் ஆகி, தாம்பரம் தாண்டி ஓர் அடுக்ககத்துக்குக் குடிவந்தார்கள். அங்கே போர் தண்ணீர், அது பத்தாதபோது லாரித் தண்ணீர். ஒரு மாதத்துக்குள் போன் வந்தது. "அக்கா, அங்க இருந்தப்ப ஒண்ணுமே இல்லீங்க. அதே டயபரு, அதே பவுடரு, அதே அளவுதான் போடறேன். இப்ப ரூமுக்குள்ள நுழைய முடியல." மாமியார் மறுபடி கடையில் வாங்கும் டயபருக்கே போகச் சொல்லிவிட்டார். அவளும் மொத்தத்தையும் யாருக்காவது கொடுத்துவிடும் முடிவில் இருந்தாள்.

நேரில் போய்ப் பார்த்தேன். கொடியில் காய்ந்த உள்துணி காய்ந்த அப்பளம் போல விறைத்து நின்றது. விரலால் மடக்கினால் மடங்காமல் திமிறியது. கொதித்து இறக்கிய வெந்நீரை ஒரு பக்கெட்டில் ஊற்றி, "துவைத்த" உள்துணிகள் நான்கைப் போட்டுக் குச்சியால் அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சாம்பல் நிறமாகக் கலங்கியது. ஆவியோடு வந்த அமோனியாவில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஓரத்தில் வெள்ளைத் திப்பி மிதந்தது. குளியலறைக் குழாயின் முனையிலும் வெள்ளை பூத்திருந்தது.

காரணம் தண்ணீர். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும், போட்ட சோப்பில் ஒரு பங்கைத் தங்களோடு இழுத்துக்கொள்கின்றன. மிஞ்சிய பங்குதான் அழுக்கை எடுக்கிறது. கட்டி சோப்பாக இருந்தால் இன்னும் மோசம், அது திப்பித் திப்பியாகத் திரிந்து துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்தப் பசையில் மூத்திர மிச்சம் சிக்கும், அதில் பாக்டீரியா பெருகும். சிறுவாணித் தண்ணீரில் கால் ஸ்பூன் ஏதோ ஒப்பேற்றியது. போர் தண்ணீரில் அதே கால் ஸ்பூன் தண்ணீரோடு சண்டை போடவே சரியாகிவிட்டது.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று தெரிய ஆய்வகம் வேண்டாம். பருப்பு வேக நேரமாகிறதா, தலைக்குக் குளித்தால் முடி பிசுக்கென்று இருக்கிறதா, பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளைப் படலம் ஏறுகிறதா? அப்படியானால் கடினத் தண்ணீர்தான். ஆர்.ஓ. மாட்ட வருபவர் காட்டும் டிடிஎஸ் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்வது, கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. மீன் தொட்டிக் கடைகளில் கடினத்தன்மை பார்க்கும் பட்டைகள் கிடைக்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை விடுகிறது. அந்த 600 தண்ணீரைக் குடிக்கலாம் என்று தாளில் இருக்கலாம், அதில் டயபர் துவைப்பவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

அவளுக்கு நான் சொன்ன முறை இது. முதலில் ஒரு சின்னத் துவைப்பு: பாதி அளவு பவுடர், அரை மணி நேரம், அந்தத் தண்ணீரை முழுக்க வெளியேற்ற வேண்டும். பிறகு பெரிய துவைப்பு: பாக்கெட்டில் அதிக அழுக்குக்கும் உப்புத் தண்ணீருக்கும் என்று போட்டிருக்கும் முழு அளவு. வெந்நீர் வசதியுள்ள மெஷின் என்றால் உள்துணிகளுக்கு 60 டிகிரி. ஹீட்டர் இல்லாத டாப் லோட் என்றால் கீசரிலிருந்து இரண்டு பக்கெட் பிடித்து ஊற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். கடைசியில் நுரை அடங்கும்வரை அலச வேண்டும். சோப்பு தங்கிவிடுமோ என்ற பயத்துக்கு மருந்து கூடுதல் அலசல்தான். சோப்பைக் குறைப்பது மருந்தே இல்லை.

ஏற்கெனவே விறைத்துப்போன உள்துணிகளுக்கு மட்டும் ஒருமுறை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) வைத்தியம் செய்தோம். ஒரு பெரிய பக்கெட் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, ஒரு மணி நேரம் ஊறல். படிந்திருந்த சுண்ணாம்பு கரைந்து துணி மெத்தென்று திரும்பியது. நன்றாக அலசிவிட்டு, மேலே சொன்னபடி முழு சோப்பில் துவைத்தாள். ஒரே நாளில் எல்லாம் போய்விடவில்லை, இரண்டு மூன்று துவைப்பு எடுத்தது. டயபர்கள் கைமாறவில்லை. இப்போது அவள் இரண்டாவது குழந்தைக்கும் அதே டயபர்கள்தான். எனக்கு வருத்தமெல்லாம், இப்படிக் காப்பாற்றியிருக்கக்கூடிய எத்தனையோ செட்டுகள் "துணி டயபர்னா நாறத்தான் செய்யும்" என்ற ஒரே வார்த்தையில் குப்பைக்குப் போகின்றனவே என்பதுதான். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் காசு போட்டு வாங்கியது.

நேர்மாறான தவறும் உண்டு, மறைக்கவில்லை. நல்ல தண்ணீர் வரும் வீட்டில் அள்ளிக் கொட்டி, சரியாக அலசாமல் விட்டால் துணி வழவழவென்று ஆகும், உறிஞ்சாது. ஆனால் என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பக்கம் தவறியவர்கள் இல்லை.

பூந்திக்கொட்டையும், குழந்தைகளுக்கென்று விற்கும் மென்மையான திரவ சோப்பும் இதே கணக்கில்தான் சேரும். குழந்தையின் சட்டைக்கு அவை நல்லவை. உப்புத் தண்ணீரில் டயபருக்குப் போதாது.

தண்ணீர் வாளியில் ஊறப்போடுவது

பழைய வேட்டித் துணிக்கு இது நடந்தது, ஏனென்றால் பாட்டி அன்றன்றைக்கே துவைத்துவிடுவார். இப்போது இரண்டு நாள் சேர்த்துத் துவைக்கிறோம். நம் ஊர் வெயிலில், மூடி போட்ட வாளித் தண்ணீரில் மூத்திரத் துணி ஊறினால் அமோனியாவுக்கு அதைவிட வசதியான இடம் வேண்டாம். எலாஸ்டிக்கும், வெளியுறையின் உள்ளே இருக்கும் தண்ணீர் புகாத பி.யு.எல். படலமும் சேர்ந்து கெடும். காற்றோட்டமான கூடையில் உலர்வாகப் போடுங்கள். இரவு டயபரை மட்டும் காலையில் குழாயடியில் நன்றாக அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். இரண்டு நாளைத் தாண்டவே வேண்டாம்.

துணி மென்மையாக்கி

வேண்டாம். நூலின்மேல் படலம் போடும், டயபர் உறிஞ்சாது.

எண்ணெய்க் குளியலன்றே டயபர் கட்டுவது

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தேய்த்துக் குளிப்பாட்டினால் இடுப்பிலும் தொடை இடுக்கிலும் எப்போதும் கொஞ்சம் எண்ணெய் தங்கும். அது டயபரில் ஏறி, நாளாக நாளாகச் சிக்கு வாடையாகிறது. மைக்ரோஃபைபர் உள்துணி என்றால் எண்ணெயை இறுகப் பிடித்துக்கொள்ளும், பருத்தி அவ்வளவு பிடிக்காது. எண்ணெய் தேய்த்த நாளில் பழைய மல் துணியில் ஒரு துண்டு கிழித்து டயபருக்குள் விரித்துவிடுங்கள். புண்ணுக்குப் போடும் களிம்புக்கும் இதேதான். ஏற்கெனவே ஏறிவிட்ட எண்ணெய்க்கு வெந்நீரும், பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டும் போதும். கையால் கசக்கி அலசுங்கள். அந்தத் திரவத்தை மெஷினுக்குள் ஊற்றாதீர்கள், நுரை பொங்கிவிடும்.

வாடையை மூடி மறைப்பது

கடைசி அலசலில் ஆன்டிசெப்டிக் ஊற்றுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது, ஒவ்வொரு துவைப்பிலும் வினிகர் விடுவது. மூன்றும் ஒன்றுதான், உள்ளே இருக்கும் அழுக்கைத் தொடாது. வினிகர் அமோனியாவைச் சற்று நேரம் அடக்கும், அவ்வளவுதான். ஆன்டிசெப்டிக் துணியில் தங்கிக் குழந்தையின் தோலை எரிக்கலாம். கைக்குழந்தை இருக்கும் அறையில் புகையே கூடாது.

துவைக்காத டயபரில் ப்ளீச்

ஒருபோதும் செய்யாதீர்கள். ப்ளீச் மூத்திரத்தின் அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் வாயு வரும். வினிகரோடோ எலுமிச்சை உப்போடோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்னக் குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு நிற்கும் தாய்க்கு இது விளையாட்டுக் காரியம் இல்லை. அவசியம் போட்டே ஆக வேண்டும் என்றால், முழு சோப்பில் துவைத்து அலசிய வெள்ளை உள்துணிக்கு மட்டும், பச்சைத் தண்ணீரில், பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் விடுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பிறகு இன்னொரு முறை துவைத்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் கொதிக்க வைப்பது

பருத்தி உள்துணியைக் கொதிக்க வைக்கலாம், பாட்டி சொன்னது சரி. எலாஸ்டிக்கும் பி.யு.எல்.லும் உள்ள வெளியுறையை வேண்டாம்.

மழைக்காலத்தில் வெயில்கால வழக்கம்

சித்திரையில் மொட்டை மாடியில் இரண்டு மணி நேரத்தில் சுருக்கென்று காய்ந்த உள்துணி, ஐப்பசியில் மறுநாள் காலையிலும் நடுவில் ஈரமாகத்தான் இருக்கும். தொட்டால் மேல்பக்கம் காய்ந்ததுபோல் ஏமாற்றும். நடு மடிப்பை இரண்டு விரலுக்குள் அழுத்திப் பாருங்கள், சில்லென்றிருந்தால் ஈரம் போகவில்லை. அப்படியே மடித்து அலமாரியில் வைத்தால் புழுங்கிய வாடை வரும், அது மறுபடி துவைத்தால்தான் போகும். மழை மாதங்களில் பல அடுக்காகத் தைத்த தடித்த உள்துணியை ஒதுக்கிவிட்டு, மடித்து வைக்கும் மெல்லிய மல் துணிகளுக்கு மாறுங்கள். விரித்துப் போட்டால் மின்விசிறிக் காற்றிலேயே காயும். மெஷினில் கடைசியாக இன்னொரு முறை ஸ்பின் விடுங்கள். கொடியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டுப் போடுங்கள். வெயில் எட்டிப் பார்க்கும் அரை நாளில் உள்துணிகளை வெளியே எடுத்துப் போட்டு, வெளியுறைகளை மட்டும் நிழலிலேயே விடுங்கள்.