கத்திரி வெயிலில் மாடித்தோட்டம்: பதற்றத்தில் செய்யும் தவறுகள்

மே முதல் வாரத்தில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பதில் ஒன்றுதான்: "வெயில் தாங்காம செடி போயிடுச்சு." பாதிச் சமயம் அது வெயிலின் வேலை இல்லை. வெயிலைப் பார்த்துப் பதறி நாம் செய்த வேலை.

மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனால் பூசணி, பீர்க்கு, வெள்ளரி இலைகள் துவண்டு தொங்கும். பார்த்ததும் மனசு கேட்காது, உடனே குழாயைத் திறந்துவிடுவோம். பெரிய இலைச் செடிகளில், இலை வழியாக நீர் ஆவியாகும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் மண்ணில் ஈரம் இருக்கும்போதே இலை தொங்கும். தொங்கிய இலையில் வெயில் படுவதும் குறையும் என்பதால் செடிக்கு அது ஒரு வகையில் தற்காப்பு. சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிட்டால் ஒரு குறையும் இல்லை. மறுநாள் விடிந்தும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்போதும் வாளியைத் தூக்கும் முன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் சரி, ஊற்றலாம். ஈரமாக இருந்தும் செடி வாடியிருந்தால் கோளாறு வேரில். பெரும்பாலும் அழுகல். சூடேறிய மண்ணில் தண்ணீரும் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகல் பூஞ்சைக்கோ கொண்டாட்டம். அந்த நேரத்தில் ஊற்றும் ஒவ்வொரு குவளையும் செடியைச் சீக்கிரம் அனுப்பி வைக்கத்தான் உதவும். தேங்காய் நார்க்கழிவு அதிகம் கலந்த குரோ பேக்குகளில், அதாவது செடி வளர்க்கும் பைகளில், ஏமாறுவது இன்னும் சுலபம். மேலே பொடியாக உதிரும், நாலு விரற்கடை கீழே அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. ஒரேயடியாகக் காய்ந்த பையில் தண்ணீர் ஊற்றினால் அடுத்த நிமிடமே அடித்துளை வழியாக வழிந்தோடும். நன்றாக நனைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் மண் சுருங்கிப் பையின் ஓரத்தில் விட்ட இடைவெளியில் தண்ணீர் இறங்கிப் போயிருக்கும், நடுவில் வேர் இருக்கும் இடம் காய்ந்தே கிடக்கும். கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மறுபடியும் ஊற்ற வேண்டும். பையை லேசாகத் தூக்கிப் பார்த்தால் எடையே சொல்லிவிடும்.

தண்ணீர் விடக் காலை ஏழு மணிக்கு முன்புதான் நல்ல நேரம். மதியம் ஊற்றினால் இலை மேல் நிற்கும் துளி லென்ஸ் மாதிரி எரித்துவிடும் என்பார்கள். 2010-ல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து வெளியிட்டார்கள். வழவழப்பான இலைகளில் துளியால் தீய்வு வரவில்லை, மெழுகுபோன்ற ரோமங்கள் துளியை இலையைவிட்டுத் தூக்கிப் பிடித்திருக்கும் சில செடிகளில்தான் அதற்கு வாய்ப்பு. மாடியில் நிஜமான ஆபத்து வேறு. வெயிலில் கிடந்த ஹோஸ் குழாய்க்குள்ளும் கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பிலும் தேங்கிய தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் வரும். அதை அப்படியே வேரில் விடுபவர்கள் நிறையப் பேர். முதலில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்து ஆறவிடுங்கள்.

அப்புறம், யாரும் அவ்வளவாக யோசிக்காத விஷயம் தரை. கத்திரியில் மதியம் வெறுங்காலோடு மாடியில் நாலடி நடக்க முடியாது. செடியின் வேர் நாள் முழுக்க அந்தத் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் கருப்பு குரோ பேக்கில். நிலத்தில் நட்ட செடிக்கு அரை அடி ஆழத்தில் குளிர்ச்சி இருக்கும். பையில் அந்தப் போக்கிடம் கிடையாது. மூன்று மணிக்குப் பையின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்தப் பக்கத்து வேர் நுனிகளுக்கும் அதே கதிதான். செங்கலோ பலகையோ போட்டுப் பையைத் தரையிலிருந்து தூக்குங்கள். பைகளை நெருக்கி வையுங்கள், சின்னப் பைகள் நடுவில். வெளிவரிசைப் பைகளைச் சுற்றிப் பழைய வெள்ளை வேட்டியோ சாக்கோ கட்டலாம். மேற்கு வெயில் வாங்கும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், இரவு ஒன்பது மணிக்கும் அந்தச் சுவர் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த சருகோ கரும்புச் சோகையோ மூடாக்காகப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். தண்டை ஒட்டி மட்டும் குவிக்க வேண்டாம், அழுகும்.

நிழல்வலை வாங்கும்போது 'அதிக நிழல்தானே நல்லது' என்று 75, 90 சதவீத வலையை வாங்கி வருகிறார்கள். காய்கறிக்கு 50 சதவீதம் போதும். அதற்கு மேல் போனால் செடி வெளிச்சம் தேடி நோஞ்சானாக நீளும், பூக்காது. வலையைச் செடியின் தலையில் போர்த்துவதும் தப்பு. ஆறேழு அடி உயரத்தில் கட்டி, பக்கவாட்டில் காற்றுக்கு வழிவிட வேண்டும். இன்னொன்று, எல்லாச் செடிக்கும் நிழல் தேவையில்லை. மல்லிகைக்கு இதுதான் பருவமே. அதைக் கொண்டுபோய் வலைக்கடியில் வைத்துவிட்டு 'மொட்டு வைக்க மாட்டேங்குது' என்று புலம்புவதில் அர்த்தமில்லை. அரளி, காகிதப்பூ, அடீனியம் எல்லாம் வெயிலின் பிள்ளைகள்.

தக்காளிப் பூ உதிர்கிறதே, என்ன மருந்து அடிக்கலாம்? மே மாதம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி இது. எதுவும் அடிக்க வேண்டாம். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் குளிராமல் இருந்தால் மகரந்தம் வீணாகி, பூ காயாகாமல் உதிரும். சென்னையில் மே மாத இரவே 27, 28 டிகிரி. செடியை உயிரோடு வைத்திருந்தால் போதும், காயை எதிர்பார்க்காதீர்கள்.

வாடிய செடிக்குத் தெம்பு கொடுப்பதாக உரம் போடுவது இன்னொரு பெரிய தவறு. யூரியாவோ, மட்காத சாணமோ, கெட்டியான புண்ணாக்குக் கரைசலோ, தண்ணீரே இழுக்கத் திணறும் வேரைச் சுற்றி உப்பை ஏற்றிவிடும். இலையோரம் கருகும். அதையும் வெயில் கணக்கில் எழுதிவிட்டு இன்னும் கொஞ்சம் உரம் போடுவார்கள்! பஞ்சகவ்யா கொடுப்பதானால் லிட்டருக்கு 30 மில்லி, சாயங்காலத்தில். வேப்பெண்ணெய்க் கரைசலும் வெயில் தாழ்ந்த பிறகுதான்.

கருகிய இலைகளைப் பார்க்கச் சகிக்காமல் வெட்டித் தள்ளவும் வேண்டாம். மேலே காய்ந்து நிற்கும் இலைதான் கீழே இருக்கும் இலைக்கும் காய்க்கும் குடை. மாறாக, இலை முழுக்க ஊசி குத்தியது போல மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். வெள்ளைத் தாளைப் பிடித்து இலையைத் தட்டினால் சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்து போகும். அது சிலந்திப்பேன், வறண்ட சூட்டில் மளமளவென்று பெருகும். காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெருமளவு குறையும்.

நர்சரியிலிருந்து புதுச் செடி வாங்குவதை ஆடிக்குத் தள்ளிப்போடுங்கள். அங்கே நிழலில் வளர்ந்ததை நேராக மாடி வெயிலில் வைத்தால் இரண்டே நாளில் இலை வெளுத்துவிடும். தொட்டி மாற்றுவதும் இப்போது வேண்டாம். கை சும்மா இருக்காது என்றால் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை விதையைப் பையிலேயே நேராக ஊன்றுங்கள்.

கத்திரி முடிந்ததும் மறுநாளே வலையைக் கழற்றுகிறவர்கள் உண்டு. சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, பஞ்சாங்கப்படி அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகு. ஜூனிலும் அங்கே வெயில் விடாது. தென்மேற்குக் காற்று சீக்கிரம் எட்டிப்பார்க்கும் கோவைப் பக்கம் கொஞ்சம் முன்னதாக எடுக்கலாம். எங்கே இருந்தாலும் மேகம் போட்ட நாளாகப் பார்த்து, முதலில் கிழக்குப் பக்கத்தை மட்டும் ஒதுக்கிக் காலை வெயில் படவிட்டு, ஒரு வாரம் கழித்து மீதியை எடுங்கள்.