லேப்டாப் திருடு போன பிறகு பேக்கப்பிலும் கணக்குகளிலும் செய்யும் தவறுகள்

"டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்துதானே (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி) வைத்திருக்கிறேன், பயமில்லை" என்று பலர் சொல்வார்கள். பாதிதான் சரி. விண்டோஸின் பிட்லாக்கர், மேக்கின் ஃபைல்வால்ட் போன்ற டிஸ்க் பூட்டுகள் முழுப் பாதுகாப்பைத் தருவது மெஷின் அணைந்திருக்கும்போதுதான். மூடியை மட்டும் மடக்கி ஸ்லீப்பில் விட்டிருந்தால் டிஸ்க்கைத் திறக்கும் சாவி பொதுவாக ரேமிலேயே (மெஷினின் தற்காலிக நினைவகத்தில்) இருக்கும். நடுவில் நிற்பது லாக் ஸ்கிரீன் மட்டும். ஆகவே லேப்டாப் எந்த நிலையில் போனது என்பதை முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள். ஸ்லீப்பில் போயிருந்தால், அதில் லாகின் ஆகியிருந்த எல்லாக் கணக்குகளும் ஆபத்தில் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

பதற்றத்தில் கண்ணில் பட்ட கணக்கின் பாஸ்வேர்டையெல்லாம் மாற்ற ஆரம்பிப்பது அடுத்த தவறு. மின்னஞ்சல்தான் முதலில். அது திருடன் கையில் திறந்தபடி இருந்தால், நீங்கள் மாற்றிய பாஸ்வேர்டை எல்லாம் "மறந்துவிட்டேன்" என்று ஒரு பட்டனைத் தட்டி அவன் திரும்ப மாற்றிவிடுவான். பாஸ்வேர்டை மாற்றியதோடு நிறுத்திவிடவும் கூடாது. கணக்கு அமைப்புகளில் சாதனங்களின் பட்டியலைத் திறந்து, தொலைந்த மெஷினை அங்கிருந்து லாக்-அவுட் செய்யுங்கள். மின்னஞ்சலில் வரும் அஞ்சலைத் தானாக வேறிடத்துக்கு அனுப்பும் ஃபார்வர்டிங் முகவரி ஏதாவது புதிதாக முளைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சர்வர்களில் வேலை செய்பவர் என்றால், பாஸ்வேர்டு இல்லாமலே சர்வருக்குள் நுழையவிடும் அந்த லேப்டாப்பின் எஸ்எஸ்எச் கீயைப் பதிந்து வைத்திருக்கும் இடங்களிலிருந்து நீக்க வேண்டும். மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றினால் அந்தக் கீ செயலிழக்காது.

போனும் சேர்ந்து போயிருந்தால் சிம்மை முடக்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். போன் பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வரும். சிம் பின் (சிம்முக்கே தனியாக வைக்கும் பூட்டு எண்) வைத்திருந்தால் அந்த வழி அடைபடும், ஆனால் அதை வைப்பவர்கள் குறைவு.

இனி பேக்கப். பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இது.

பேக்கப் மென்பொருள் உங்கள் பாஸ்வேர்டை வைத்துக் கோப்புகளை நேரடியாகப் பூட்டுவதில்லை. முதலில் தானாகவே ஒரு மாஸ்டர் கீயை உருவாக்கி, அதனால் கோப்புகளை என்க்ரிப்ட் செய்கிறது. உங்கள் பாஸ்வேர்டு பூட்டுவது அந்த மாஸ்டர் கீயை மட்டும்தான். வீட்டுச் சாவியை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டுவது போல. ரெஸ்டிக், போர்க் என்ற பேக்கப் மென்பொருள்கள், லினக்ஸின் டிஸ்க் பூட்டான லக்ஸ் எல்லாமே இந்த முறைதான். பாஸ்வேர்டை மாற்றினால் பெட்டியின் பூட்டு மாறும், வீட்டுச் சாவி மாறாது. பையோடு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் போயிருந்தால் அதில் இருப்பது பழைய பூட்டு. நீங்கள் பிறகு எத்தனை முறை பாஸ்வேர்டு மாற்றினாலும் அந்த நகலுக்குப் பழைய பாஸ்வேர்டே போதும். 2022-ல் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் என்க்ரிப்ட் செய்த பாஸ்வேர்டு பெட்டகங்கள் நகலெடுக்கப்பட்டபோதும் சிக்கல் இதுதான். பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை அதன்பின் மாற்றியவர்களுக்கும், களவு போன நகலுக்குள் இருந்த பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பழைய பாஸ்வேர்டு நீளமானது, எங்கும் எழுதி வைக்காதது என்றால் சரி, விட்டுவிடலாம். ஆனால் தினமும் தானாக ஓடும் பேக்கப்புக்காகப் பாஸ்வேர்டை லேப்டாப்பிலேயே ஒரு கோப்பில் எழுதி வைப்பது வழக்கம். அப்படி வைத்திருந்தால், புது மாஸ்டர் கீயோடு புது பேக்கப்பைத் தொடங்குவதே தீர்வு. அவசரப்பட்டுப் பழையதை அழித்துவிடாதீர்கள். லேப்டாப் போய்விட்ட நிலையில் உங்கள் கோப்புகள் மிச்சம் இருப்பது அங்கே மட்டும்தான். முதலில் புது மெஷினில் மீட்டெடுங்கள், சில கோப்புகளைத் திறந்து பாருங்கள், புது பேக்கப் முழுதாக ஏறட்டும். அப்புறம் பழையதை அழிக்கலாம். இதற்கெல்லாம் முன்னால், அந்த லேப்டாப் பேக்கப் சர்வருக்குள் நுழையப் பயன்படுத்திய அனுமதியை ரத்து செய்துவிடுங்கள். பேக்கப்பைப் படிக்க முடியாதவனாலும் அதை அழிக்க முடியும்.

திருடனைத் தடுப்பதிலேயே கவனம் போய், நமக்கே கதவு சாத்திக்கொள்வதும் உண்டு. போர்க்கில் கீஃபைல் முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குச் சாவிக் கோப்பு லேப்டாப்பில்தான் இருக்கும். முன்கூட்டியே அதை எக்ஸ்போர்ட் செய்து வேறிடத்தில் வைக்கவில்லை என்றால், பாஸ்வேர்டு நினைவிருந்தும் பேக்கப் திறக்காது. வாட்ஸாப் பேக்கப்புக்கு 64 இலக்கச் சாவியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதைத் தொலைத்தவருக்கு அந்த நிறுவனமே நினைத்தாலும் உதவ முடியாது. இதற்கு நேர்மாறாக, சாவி திருடன் கையிலேயே சேர்வதும் உண்டு: பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீ பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு திறந்திருக்கும் போனும் அதே பையில் போயிருந்தால் டிஸ்க்குக்குப் பூட்டு போட்டதே வீண்.

பேக்கப்பின் பாஸ்வேர்டு பாஸ்வேர்டு மேனேஜரில், மேனேஜரில் நுழைவதற்கான குறியீடு போனில், போன் லேப்டாப் பையில் என்று வட்டமடித்து வைத்திருப்பவர்கள் ஏராளம். இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம்: போனைத் தொடாமல், வேறொருவரின் கணினியிலிருந்து உங்கள் மின்னஞ்சலுக்குள் போக முடிகிறதா? முடியாவிட்டால் மாஸ்டர் பாஸ்வேர்டு, பேக்கப் பாஸ்வேர்டு, போன் இல்லாதபோது லாகின் செய்யக் கூகுள் தரும் 10 பேக்கப் குறியீடுகள் ஆகியவற்றைத் தாளில் எழுதி, லேப்டாப் பை போகாத இடத்தில் வையுங்கள். தாளில் எழுதக் கூடாது என்ற பழைய அறிவுரையை இந்த விஷயத்தில் நான் ஏற்பதில்லை. பீரோவுக்குள் இருக்கும் தாளை இணையத்தின் வழியாக யாரும் எடுக்க முடியாது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் ஐஓஎஸ் 17.3-ல், 2024 ஜனவரியில் வந்த திருட்டுப் பாதுகாப்பு வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்கோடை எட்டிப் பார்த்துவிட்டுப் போனைப் பறித்தவன், பழக்கமில்லாத இடத்தில் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற முயன்றால் முகமோ விரல்ரேகையோ கேட்கும், ஒரு மணி நேரம் காக்கவும் வைக்கும். போன் போன பிறகு ஆன் செய்ய முடியாது.

தொலைந்த ஐபோனை "தொலைந்தது" என்று குறித்து வையுங்கள், ஆனால் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். நீக்கினால், உங்கள் கணக்கு இல்லாமல் போனை வேறு யாரும் பயன்படுத்த முடியாமல் தடுக்கும் ஆக்டிவேஷன் லாக் போய்விடும், திருடன் அதைப் புதுப் போனாக விற்றுவிடலாம். உங்கள் கணக்கின் பாஸ்வேர்டைப் பிடுங்கி அந்த லாக்கை நீக்குவதற்காகவே சில நாட்கள் கழித்து "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இடத்தைப் பார்க்க இங்கே லாகின் செய்யுங்கள்" என்று ஒரு லிங்க் வரக்கூடும். அதைத் தொடாதீர்கள். இடத்தைப் பார்க்க வேண்டுமானால் ஆப்பிளின் ஃபைண்ட் மை பக்கத்துக்கு நீங்களே முகவரியைத் தட்டிப் போங்கள்.