மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலை: கிணற்று மோட்டாரில் செய்யக்கூடாத தவறுகள்

கிணற்று மேட்டில் இருக்கும் அரை எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருப்பது) வழக்கமான சத்தத்தோடு ஓடுகிறது, டேங்கில் மட்டும் தண்ணீர் விழவில்லை. உடனே மோட்டாரைக் கழற்றி வைண்டிங் (உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று) கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். தேவையில்லாத செலவு. சத்தம் மாறாமல் ஓடும் மோட்டாரில் வைண்டிங் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கோளாறு பெரும்பாலும் அதற்குக் கீழே, கிணற்றுக்குள் இறங்கும் சக்‌ஷன் பைப்பில் இருக்கும்.

உறுதி செய்ய ஒரு டிரம் தண்ணீர் போதும். மெயினை அணைத்துவிட்டு சக்‌ஷன் பக்க யூனியனை, அதாவது பைப்பைப் பம்போடு சேர்க்கும் ஜாயின்ட்டைக் கழற்றுங்கள். அதே அளவில் மூன்றடி பைப் துண்டை எல்போவோடு மாட்டி, மறுமுனையை டிரம்மில் முக்கி, பம்புக்குள் தண்ணீர் நிரப்பி ஓட விடுங்கள். டிரம் மளமளவென்று காலியானால் பம்பின் மேல் குற்றமில்லை.

அடுத்த தவறு, சக்‌ஷன் பைப்பில் ஈரம் தெரியவில்லை என்பதால் லீக் இல்லை என்று முடிவுகட்டுவது. மோட்டார் ஓடும்போது அந்தப் பைப்புக்குள் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. ஓட்டை இருந்தால் தண்ணீர் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். சோதிப்பது இப்படி: மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறந்து, வாய்வரை நிரப்பிவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். இப்போது பைப்புக்குள் நிற்கும் தண்ணீரின் எடை வெளியே தள்ளுவதால், ஓட்டையுள்ள ஜாயின்ட் கசியும். எங்கும் கசியாமல் மட்டம் மட்டும் இறங்கினால் கோளாறு புட் வால்வில்தான், அதாவது தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும், பைப்பின் அடிமுனை வால்வில். ரப்பர் தேய்ந்திருக்கும், அல்லது இடையில் ஒரு இலையோ கல்லோ சிக்கியிருக்கும். மட்டம் அசையாமல் நின்றும் தண்ணீர் ஏறவில்லையென்றால், மூடியின் வாஷரையும் ஷாஃப்டில் இருக்கும் மெக்கானிக்கல் சீலையும் சந்தேகப்படலாம். அங்கே ஷேவிங் நுரையைத் தடவி ஓட்டினால், காற்று புகும் இடத்தில் நுரை உள்ளே இழுபடும்.

ஓட்டை தெரிந்ததும் மேலாக எம்-சீல் அப்பிவிடுகிறார்கள். சில வாரம் தாங்கும், அவ்வளவுதான். கழற்றி, மரையில் ஒட்டியிருக்கும் பழைய டேப்பைச் சுரண்டிவிட்டு, மரை இறுகும் திசையிலேயே டெஃப்லான் டேப்பைச் சுற்றி இறுக்குவதுதான் வேலை.

எல்லாம் சரியாக இருந்து கோடையில் மட்டும் தகராறு என்றால், தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று கயிற்றில் கல் கட்டி அளந்து பாருங்கள். மேலே நிற்கும் பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை; பம்ப் உண்டாக்கும் வெற்றிடத்துக்குள் வெளிக்காற்றின் அழுத்தம்தான் அதைத் தள்ளிவிடுகிறது. கணக்குப்படி அந்த அழுத்தம் சுமார் 10.3 மீட்டர்வரைதான் தூக்கும். பைப்பின் உராய்வு, எல்போ எல்லாம் போக, நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் நம்பக்கூடாது, அதாவது ஏறக்குறைய 23 அடி. பம்பின் மையத்திலிருந்து, மோட்டார் சிறிது நேரம் ஓடி மட்டம் இறங்கிய பிறகு அளக்க வேண்டும். இதற்கு ஒரு எச்.பி., ஒன்றரை எச்.பி. என்று மாற்றிப் பயனில்லை, காற்றின் அழுத்தம் எச்.பி.யைப் பார்த்து ஏறாது. மோட்டாரைக் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்குங்கள், அல்லது ஜெட் பம்புக்கோ நீர்மூழ்கி மோட்டாருக்கோ மாறுங்கள். ஒரு இன்ச் வாய்க்கு முக்கால் இன்ச் பைப் மாட்டுவதும், நடுவே பைப்பை மேடாக வளைத்துக் காற்று தங்க இடம் கொடுப்பதும் இந்த 7 மீட்டரையும் குறைத்துவிடும்.

மோட்டார் 'ம்ம்' என்று முனகி, சுற்றாமல் நின்றால் சில நொடிகளில் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். அப்படியே விட்டால் வைண்டிங் உண்மையிலேயே கருகும். மெயினையும் அணைத்து, பின்பக்க மூடியைக் கழற்றி விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால், மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கப்பாசிட்டரைப் பாருங்கள். பழையதில் போட்டிருக்கும் மைக்ரோஃபாரட் அளவையே வாங்க வேண்டும். பெரிதாகப் போட்டால் வேகம் கூடும் என்பது கடைப்பேச்சு, சூடுதான் கூடும்.

சுற்றவே இல்லையென்றால் மணலோ துருவோ பிடித்திருக்கிறது. இந்த மாதிரிச் சின்ன செல்ஃப் பிரைமிங் பம்பில் (பைப்பில் இருக்கும் காற்றைத் தானே வெளியேற்றும் வகை) இம்பெல்லருக்கும், அதாவது தண்ணீரைத் தள்ளும் சுழல்தட்டுக்கும் பாடிக்கும் இடைவெளி மிகச் சிறியது, மழைக்காலம் முழுக்க ஓட்டாமல் வைத்தாலே ஒட்டிக்கொள்ளும். பைப் ரெஞ்ச் போட்டு முறுக்காதீர்கள். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுங்கள். திரும்பப் பூட்டும்போது கேஸ்கெட் பழைய தடிமனிலேயே இருக்கட்டும். தடித்த ரப்பரை வெட்டிப் போட்டால் அந்த இடைவெளி பெருகி, உறிஞ்சும் சக்தி போய்விடும்.

தண்ணீர் வரும் வேகத்தைக் குறைக்க டெலிவரி வால்வை (டேங்குக்குப் போகும் பைப்பில் இருப்பது) பாதி மூடும் பழக்கமும் இந்த வகைப் பம்புக்கு ஆகாது. வால்வு மூட மூட ஆம்பியர் ஏறும். முழுக்க மூடிய நிலையில்தான் மோட்டாருக்குச் சுமை அதிகம். ஏர் லாக் (உள்ளே அடைத்து நிற்கும் காற்று) எடுக்கும்போதும் அந்த வால்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேறு வழி கிடையாது.