மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்

ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு புத்தகங்கள் திடீரென்று பேசிக்கொள்ளத் தொடங்கினால் படிப்பவனுக்குத் தலைகால் புரியாது. தவறு நடப்பதும் அப்போதுதான். சென்னை ராயபுரத்தில் ஒரு சுவர் அலமாரியையும் கட்டிலுக்கு அடியில் மூன்று அட்டைப்பெட்டிகளையும் வைத்துக்கொண்டு நான் செய்த தவறுகளைச் சொல்கிறேன். நீங்கள் புதிதாக வேறு தவறு ஏதாவது செய்துகொள்ளலாம்.

ஆண்டைப் பார்க்காமல் முடிச்சுப் போட்டதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. வள்ளலாரின் வாழ்க்கை வரலாறு ஒன்றையும் பக்கிங்காம் கால்வாயைப் பற்றிய நூல் ஒன்றையும் ஒரே வாரத்தில் படித்தேன். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்தவர்களை மண் வெட்ட வைத்துக் கால்வாயை நீட்டினார்கள். வள்ளலாரோ வடலூரில் அணையா அடுப்பை மூட்டியவர். வளர்ந்ததும் நம் ஏழுகிணற்றில். பிறகென்ன? அந்தப் பஞ்சத்தைக் கண்டுதான் தருமசாலையைத் திறந்தார் என்று ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். டீக்கடையில் ஒரு நண்பர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். தருமசாலை திறந்தது 1867இல். வள்ளலார் சித்தியடைந்தது 1874 ஜனவரியில். பஞ்சம் வந்தபோது அவரே இல்லை.

அவமானம்தான். ஆனால் ஆண்டைத் திருத்திய பிறகே விஷயம் பிடிபட்டது. பெரும்பஞ்சம் வருவதற்கு முன்பே, யார் எவர் என்று கேட்காமல் சோறிட்ட இடம் ஒன்று. பஞ்சம் வந்த பின்பும், மண் சுமந்தால்தான் கூலி என்ற இடம் ஒன்று. கால்வாய் நூலில் ‘நிவாரணப் பணி’ என்ற சொல் வரும் பக்கங்களை அதற்குப் பிறகு என்னால் வேகமாகத் தாண்ட முடியவில்லை.

அடுத்தது, ஒரே சொல் என்பதால் ஒரே பொருள் என்று நம்புவது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்கிய சரக்குகளில் ‘கருங்கறி மூடை’யும் உண்டு. “அந்தக் காலத்திலேயே மூட்டை கட்டிக் கறி வந்திருக்கிறதே, மாமா!” என்றான் அக்கா மகன், கையில் சமையல் புத்தகத்தோடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்ணாரப்பேட்டைக் கறிக்கடை வரிசையில் நின்று பழகியவனுக்கு வேறு எது தோன்றும்? பட்டினப்பாலையில் கறி என்றால் மிளகு. சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடியிருந்தால் அதோடு போயிருக்கும். அவன் கையிலிருந்த புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் மிளகாய். அது போர்த்துகீசியர் வழியாக, 16ஆம் நூற்றாண்டுவாக்கில் வந்து சேர்ந்த சரக்கு. நம் ஆட்கள் அதற்கு வைத்த பெயரிலேயே மிளகு ஒளிந்திருக்கிறது, பாருங்கள். அவன் போட்ட முடிச்சு தவறு. எடுத்த இரண்டு புத்தகங்களும் சரி.

புத்தகங்களைத் துறைவாரியாக அடுக்கிப் பூட்டிவைப்பதையும் நான் தவறு என்றே சொல்வேன். நூலகத்துக்கு அது வேண்டும், வீட்டுக்கு வேண்டாம். இடமில்லாத குறையால் என் தமிழ் அகராதி ரயில்வே வரலாற்று நூலின்மேல் கிடந்தது. பேசின் பாலத்துப் பக்கத்து ரயில்வே சரக்கு வளாகமான சால்ட் கோட்டர்ஸை உப்பளத் தொழிலாளர் குடியிருப்பு என்றே பாதி வயதுவரை நினைத்திருந்தேன். வேறு எதற்கோ அகராதியைப் புரட்டியபோது ‘கொட்டாரம்’ கண்ணில் பட்டது: களஞ்சியம். கோட்டர்ஸ் ‘குவார்ட்டர்ஸ்’ அல்ல, வெள்ளைக்காரன் வாயில் புகுந்து வந்த கொட்டாரம். படகில் வந்த உப்பைச் சேர்த்துவைத்த இடம். அதற்காக வேண்டுமென்றே கலைத்துப் போட்டுவிட்டு இன்றைக்கு ஒரு தொடர்பைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று உட்காராதீர்கள். உட்கார்ந்து பார்த்தேன், தலைவலிதான் வந்தது.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். தொடர்பு கண்ட பக்கத்தில் அடையாளத்துக்கு இரும்புக் கிளிப் மாட்டாதீர்கள். காசிமேட்டுப் பக்கத்துக் கடற்காற்றுக்கு ஒரு மழைக்காலம் போதும், துரு நாலு தாளைத் தாண்டி இறங்கிவிடும். இராமபாணப் பூச்சிகூட அவ்வளவு தின்னாது. நான் பழைய பஸ் டிக்கெட்டைச் செருகி, பின்புறத்தில் மற்ற நூலின் பெயரையும் பக்க எண்ணையும் எழுதுகிறேன். வெறுமனே ‘அதையும் பார்க்க’ என்று எழுதிவைத்த பழைய டிக்கெட்டுகள் ஏழெட்டு இன்னும் கிடக்கின்றன. எதைப் பார்க்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.