பூட்டிப் போட்ட காரும் தூங்காத அலாரமும்

மூன்று மாதம் ஊரில் இல்லை. திரும்பி வந்து ரிமோட்டை அழுத்தினால் கார் அசையவில்லை. சரி, சாவியால் திறப்போம் என்றால் கதவுத் துளை துருவேறி இறுகிக் கிடந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை யார் தொட்டது? எண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஆட்டியபின்தான் வழிவிட்டது.

பூட்டிவிட்டால் கார் தூங்கிவிடும் என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தவறு. டாஷ்போர்டில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அலாரம், ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் ரிசீவர், கடிகாரம் எல்லாம் விழித்தபடியே பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பழுதில்லாத காரிலேயே பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை போகும். 30 என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு 0.72 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு, Ah), 30 நாளில் 21.6. சிறிய கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் அது பாதிக்கும் மேல்! தனியாக வயர் இழுத்து மாட்டிய டாஷ்கேமும் ஜிபிஎஸ்ஸும் இருந்தால் இன்னும் சீக்கிரம். ஃபாஸ்டாக் மேல் பழி போடாதீர்கள், அதற்கு மின்சாரமே வேண்டாம்.

நிறைந்த பேட்டரி மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது. வோல்டேஜ் இறங்கும்போது சில அலாரங்கள் அதையே திருட்டு என்று எடுத்துக்கொண்டு நடுராத்திரியில் அலறி, மிச்சமிருப்பதையும் தீர்த்துவிடும்.

வாட்ச்மேனிடம் சாவி கொடுத்து வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்யச் சொல்வது நம்மூர் வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் தருவது கொஞ்சம். இன்ஜின் சூடேறுமுன் அணைப்பதால் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்குவதுதான் மிச்சம். நம்பிக்கையான ஆள் இருந்தால் அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டச் சொல்லுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் என்றால் பேட்டரி வயரைக் கழற்றுவதே நல்லது. ஆனால் அவசரப்பட்டுப் பிளஸ்ஸில் கை வைக்காதீர்கள். ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். முதலில் மைனஸ், பெரும்பாலான கார்களுக்கு 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். மாட்டும்போது மைனஸ் கடைசி.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை உண்டு. கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். டிக்கி மின்சாரத்தில் மட்டும் திறக்கும் வகையா என்று பாருங்கள். ஸ்மார்ட் கீக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவி, கதவு நிஜமாகவே திறக்கிறதா என்று சோதியுங்கள். பானெட் லிவர் உள்ளேதான் இருக்கிறது, கதவு திறக்காவிட்டால் பேட்டரியை நெருங்கவே முடியாது. வெளியில் வாங்கிப் பொருத்திய அலாரம் என்றால் சைரனுக்குள் தனி பேட்டரி இருக்கலாம். வயரைக் கழற்றியதும் அது 'யாரோ அறுத்துவிட்டான்' என்று கத்தத் தொடங்கும். சைரனின் பக்கவாட்டில் குட்டிச் சாவித் துளை இருக்கும். அதை முதலில் அணையுங்கள். அந்தச் சாவி எந்த டிராயரில் கிடக்கிறது என்பது வேறு கேள்வி.

வயரைக் கழற்றினால் அலாரமும் இல்லை. தெருவில் நிற்கும் காருக்கு இது ஒத்துவராது. பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இருந்தால், நிறைந்ததும் தானே அடங்கும் ஸ்மார்ட் சார்ஜரை மாட்டலாம். பழைய ரக சார்ஜரை மாதக்கணக்கில் விட்டால் பேட்டரித் தண்ணீர் வற்றிவிடும்.

செத்த பேட்டரியை, வேறொரு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து ஜம்ப் ஸ்டார்ட் செய்து 'ஓட ஓட ஏறிவிடும்' என்று கிளம்புவதும் வேண்டாம், ஆல்டர்நேட்டருக்குச் சுமை. சார்ஜரில் போட்டு ஏற்றிவிட்டு மாட்டுங்கள். மாட்டியபின் கண்ணாடி ஒரே தட்டில் ஏறாவிட்டால் பதறாதீர்கள். பல கார்களில் மேலே ஏறியபின்னும் சுவிட்சைச் சில நொடி பிடித்திருந்தால் பழையபடி வேலை செய்யும்.