கொடியா, ட்ரையரா: சென்னை வீட்டில் துணி உலர்த்தும் முறை

நம் வீடுகளில் ‘ட்ரையர்’ என்றால் பெரும்பாலும் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினின் இரண்டாவது தொட்டியையே குறிக்கும். அந்தத் தொட்டி துணியை உலர்த்துவதில்லை. வேகமாகச் சுழன்று, துணியிலுள்ள நீரைத் துளைகள் வழியே வெளியே தள்ளுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. டம்பிள் ட்ரையர் என்பது வேறு இயந்திரம். ஈரத்துணியை அகன்ற உருளை ஒன்றில் புரட்டிக்கொண்டே அதனூடே சூடான காற்றைச் செலுத்தி, எஞ்சிய நீரை ஆவியாக்குவது அது. முன்னது பிழிகிறது, பின்னது உலர்த்துகிறது. ‘ட்ரையர் உள்ள மெஷின்’ என்று கேட்டு வாங்கிவந்துவிட்டு, ஐப்பசி மழையில் துணி ஏன் ஈரமாகவே வெளிவருகிறது என்று குழம்புபவர்கள் இன்றும் உண்டு என்பதால் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னை போன்ற ஊரில் ஆண்டின் பெரும்பகுதிக்கு மொட்டைமாடிக் கொடியே போதும் என்பது என் கருத்து. ஆண்டு மழையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடும் ஊர் இது; டம்பிள் ட்ரையர் தேவைப்படுவதும் அந்த மாதங்களின் சில வாரங்களில்தான். ஆனால் கொடியை நம்புபவரும் சரி, இயந்திரத்தை நம்புபவரும் சரி, அதற்கு முந்தைய கட்டமான பிழிதலை அலட்சியம் செய்தால் இரண்டிலும் இழப்பே மிஞ்சும்.

பிழிவதில்தான் பாதி வேலை

ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க, வெப்பம் வீணாகவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ 0.67 யூனிட் ஆற்றல் வேண்டும். மாடியில் இதை வெயிலும் காற்றும் கொடுத்துவிடுகின்றன. ட்ரையரில் அது மின்கட்டணமாக வந்து சேர்கிறது. உலர்ந்த நிலையில் 5 கிலோ எடையுள்ள பருத்தித் துணி, நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழியப்பட்ட பிறகும் சுமார் 3.5 லிட்டர் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அதையே 1400 சுற்றில் பிழிந்தால் எஞ்சுவது சுமார் 2.5 லிட்டர். அந்த ஒரு லிட்டர் வேறுபாட்டை மோட்டார் மிகச் சிறிய செலவில் வெளியேற்றிவிடுகிறது. அதையே வெப்பத்தால் வெளியேற்ற முயன்றால் செலவு பன்மடங்காகும். கொடியில் விட்டால் பல மணி நேரம் ஆகும்.

ஆகவே துண்டு, படுக்கைவிரிப்பு, ஜீன்ஸ், பனியன் போன்ற கெட்டியான பருத்தித் துணிகளை, இயந்திரம் அனுமதிக்கும் மிக உயர்ந்த சுற்றில் பிழியலாம். செயற்கை இழைத் துணிகளையும் மெல்லிய சட்டைகளையும் அவ்வாறு பிழிந்தால் சுருக்கம் ஆழமாக விழும். அவற்றுக்கு 600 முதல் 800 சுற்றே போதும், அவை இயல்பாகவே குறைந்த நீரைத்தான் பிடித்துக்கொள்கின்றன. பட்டையும் கம்பளியையும் சுழற்றாமல், ஒரு காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி நீரை எடுப்பது நல்லது. மழை நாட்களில், சலவை முடிந்ததும் ‘ஸ்பின்’ மட்டும் இன்னொரு முறை ஓடவிடுவது எளிய பழக்கம். முதல் சுற்றில் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்ட துணிகளைக் கையால் பிரித்துவிட்டு ஓடவிட்டால் இன்னும் நீர் வடிவதைக் காணலாம். தனியாக ஒரே ஒரு கனத்த படுக்கைவிரிப்பைப் போட்டால் எடை ஒருபக்கம் சாய்ந்து, இயந்திரம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனுடன் இரண்டு துண்டுகளையாவது சேர்த்துப் போட வேண்டும்.

பிழிந்த துணியை உடனே எடுத்துவிட வேண்டும். காலையில் மெஷினைப் போட்டுவிட்டு அலுவலகம் போய், மாலையில் வந்து எடுத்துக் காயப்போடும் வீடுகளில்தான் அந்த ஈரவாடை நிரந்தரமாகக் குடியேறுகிறது. அதற்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்னும் பாக்டீரியா என்று 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். துவைத்த பிறகும் துணியில் தங்கிவிடும் அது, ஈரம் நீடிக்க நீடிக்கப் பெருகும். வாசனைத் திரவம் எவ்வளவு ஊற்றினாலும் அது அந்த நாற்றத்தை மூடுமே தவிர, காரணத்தைத் தொடாது. துணி எவ்வளவு விரைவாகக் காய்கிறது என்பதே அங்கு முடிவு செய்கிறது.

கொடியில் உலர்த்துவது

துணியைக் காயவைப்பது வெயில் என்றே நாம் பேசுகிறோம்; உண்மையில் காற்றுக்கும் அதில் சம பங்கு உண்டு, சில நாட்களில் கூடுதல் பங்கும் உண்டு. துணியை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விலக்கி, புதிய காற்றைக் கொண்டுவந்தால்தான் ஆவியாதல் தொடரும். கோவையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில், வானம் மூடியிருக்கும் ஆடி மாதத்திலும் வேட்டி விரைந்து காய்ந்துவிடுவதன் காரணம் இதுதான். சென்னையில் கோடைக்காலத்தில் காலை வேளையில் மேற்கிலிருந்து வறண்ட நிலக்காற்று வீசும்; நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் காற்றில் ஈரப்பதம் கூடிவிடும். ஆகவே அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்குள் கொடியில் ஏறிய துணிக்கும் பதினொரு மணிக்கு ஏறிய துணிக்கும் கைக்குத் தெரியும் வேறுபாடு இருக்கும். கடற்கரையை ஒட்டிய வீடுகளில், மாலை வரை விடப்பட்ட துணியில் உப்புக்காற்றின் பிசுபிசுப்பும் சேர்ந்துகொள்ளும்.

கொடிகளுக்கிடையே குறைந்தது ஒன்றரை அடி இடைவெளி விட வேண்டும். இடம் போதவில்லை என்று ஒன்றின்மேல் ஒன்றாகத் துணியைப் போடுவதைவிட, பாதித் துணியை மறுநாள் துவைப்பதே மேல். இரும்புக் கம்பியானால் துருக்கறை நிச்சயம். பிளாஸ்டிக் பூசிய கம்பியும் பூச்சு விரிந்த இடத்தில் கறையைக் கொடுக்கும் என்பதால் அதையும் அவ்வப்போது தடவிப் பார்க்க வேண்டும். காயப்போடுமுன் கொடியை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால், தூசியும் காக்கை எச்சமும் வெள்ளைச் சட்டையில் கோடு போடாது.

போடும் விதத்தில் சில நுட்பங்கள் உண்டு. ஒவ்வொரு துணியையும் இரண்டு மூன்று முறை நன்றாக உதற வேண்டும். உதறிய துணிக்கு இஸ்திரி வேலை பாதியாகக் குறையும். சட்டையைத் தோளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் தோள்பட்டையில் முட்டு நிற்கும். தலைகீழாகக் கீழ்விளிம்பில் கிளிப் போடலாம், அல்லது ஹேங்கரில் மாட்டி அந்த ஹேங்கரைக் கொடியில் மாட்டலாம். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, இடுப்புப் பகுதி மேலே இருக்குமாறு, இடுப்பு வாய் திறந்திருக்கும்படி இரண்டு கிளிப்புகளில் மாட்டினால், பைகளும் தையல்களும் சேர்ந்து காயும். வேட்டியையும் புடவையையும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்து மடித்துப் போடும் வழக்கம், இயந்திரங்கள் வருவதற்கு முன்பே நம்மிடம் இருந்த சுருக்கம் நீக்கும் உத்தி. கஞ்சி போட்ட பருத்திப் புடவைக்கு அது இன்றும் தவிர்க்க முடியாதது. கம்பளி ஸ்வெட்டரை மட்டும் தொங்கவிடக் கூடாது. ஈரத்தின் எடையால் அது முழங்கால்வரை நீண்டுவிடும். கட்டிலின்மேல் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் பரப்பிக் காயவைக்க வேண்டும்.

சாயத் துணிகளை உள்பக்கம் வெளியே திருப்பியே போட வேண்டும். அடர் நிறங்களும் பட்டும் நிழலில் காயட்டும். வெள்ளைப் பருத்திக்கு நேர்வெயில் நல்லது, கிருமிகளுக்கும் அது பகை. ஆனால் மீள்தன்மையுள்ள லெக்கின்ஸ், உள்ளாடை போன்றவற்றை அக்னி நட்சத்திர வெயிலில் மாதக்கணக்கில் வாட்டினால் அவற்றின் இழுவை விரைவில் தளர்ந்துவிடும். காய்ந்ததும் எடுத்துவிடுவதே எல்லாத் துணிக்கும் பொதுவான விதி. பொழுது சாய்ந்த பிறகு குழந்தையின் துணியைக் கொடியில் விடக் கூடாது என்று பாட்டிமார் சொல்வதற்கு அவர்கள் கூறும் காரணம் எதுவாக இருந்தாலும், மார்கழிப் பனியில் இரவெல்லாம் கிடந்த துணி காலையில் மீண்டும் ஈரமாகியிருப்பதைப் பார்த்தவர்கள் அந்த விதியை மறுக்க மாட்டார்கள்.

கொடியில் காய்ந்த துண்டு முறமுறவென்று விறைத்துப் போவது பலருடைய குறை. இழைகளை ஒட்டிக்கொண்டு எஞ்சும் மிகச் சிறிதளவு நீரே அவற்றை ஒன்றோடொன்று பசைபோல் பிணைக்கிறது என்று ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் சலவைப் பொருட்கள் தயாரிக்கும் காவோ நிறுவனமும் சேர்ந்து செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. காற்றில் ஆடிக் காய்ந்த துண்டு ஓரளவு மென்மையாக இருப்பதும், ட்ரையரில் புரண்ட துண்டு பஞ்சுபோல் வருவதும் அந்தப் பிணைப்பு அசைவில் உடைவதால்தான். எடுக்கும்போது ஒருமுறை பலமாக உதறி, கைகளுக்கிடையே கசக்கிவிட்டால் பெரும்பகுதி விறைப்பு போய்விடும்.

மழை மாதங்களில் வீட்டுக்குள்

அடைமழையில் வெளிக்காற்றின் ஈரப்பதம் தொண்ணூறு விழுக்காட்டைத் தொடும்போது, சன்னலைத் திறந்துவைத்துத் துணி காயவைக்க முயல்வதில் பயன் குறைவு. மின்விசிறியின் நேர்க்கீழே ஸ்டாண்டை வைத்து, துணிகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டால் இரவுக்குள் மெல்லிய துணிகள் காய்ந்துவிடும். 75 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினாலும் செலவு 0.6 யூனிட்தான், புதிய பிஎல்டிசி விசிறியானால் அதில் பாதிக்கும் குறைவு. இரவில் எப்படியும் ஏசி போடும் அறையானால், ஸ்டாண்டை அங்கே கொண்டுபோய்க் கதவு சன்னல்களை மூடிவிடலாம். குளிர்விக்கும்போதே அறைக்காற்றின் ஈரத்தையும் ஏசி வடித்து வெளியே விடுகிறது. காலையில் துணி காய்ந்திருக்கும். விசிறியும் ஏசியும் இல்லாமல் மூடிய அறையில் நாள்தோறும் துணியைத் தொங்கவிடுவதுதான் தவறு. அந்த இரண்டு மூன்று லிட்டர் நீரும் சுவருக்கும் அலமாரிக்கும் போய்ச் சேர்ந்து, தை மாதத்தில் கரும்பூசணமாக வெளிப்படும்.

ட்ரையர் வாங்குவதானால்

பால்கனியில் துணி தொங்கக் கூடாது என்று தடை விதிக்கும் அடுக்ககங்கள், கைக்குழந்தையோ படுக்கையிலிருக்கும் முதியவரோ உள்ள வீடுகள், மாடி ஏறவே முடியாதவர்கள் ஆகியோருக்கு டம்பிள் ட்ரையர் ஆடம்பரம் அன்று. மூன்று வகைகள் உள்ளன. வென்டட் வகை, ஈரக்காற்றை நான்கு அங்குலக் குழாய் வழியே வெளியே தள்ளும். சுவரில் துளையிட வழியில்லாத வாடகை வீட்டுக்கு அது பொருந்தாது. கண்டன்சர் வகை, நீராவியைக் குளிர்வித்து ஒரு தொட்டியில் சேர்க்கும், ஆனால் வெப்பத்தை அறைக்குள்ளேயே விடும். இவ்விரண்டும் 2000 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடியவை என்பதால் 16 ஆம்ப்பியர் பவர் பிளக் கட்டாயம். ஹீட் பம்ப் வகை, ஏசியைப் போலவே கம்ப்ரசரைக் கொண்டு ஒரே வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. விலை கூடுதல், நேரமும் கூடுதல், ஆனால் 7 கிலோ பருத்திக்கு மற்றவை 4 யூனிட் அளவுக்குச் செலவிடும் இடத்தில் இது ஏறத்தாழ 2 யூனிட்டில் முடித்துவிடும். வெப்பநிலையும் குறைவு என்பதால் துணிக்கும் நல்லது. நம் மின்கட்டணம் படிநிலை முறையில் ஏறுவது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்: ட்ரையருக்குச் செல்லும் யூனிட்டுகள் பட்டியலின் மேற்படியில், அதாவது விலை மிகுந்த இடத்தில்தான் சேரும். துவைப்பதும் உலர்த்துவதும் ஒன்றாக உள்ள இயந்திரத்தில், 8 கிலோ துவைத்தாலும் 5 கிலோவைப் போல் மட்டுமே உலர்த்த முடியும். எஞ்சியதை வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்பதைக் கடையில் அழுத்திச் சொல்வதில்லை.

ஈரத்துணியை நேராக ட்ரையரில் கொட்டுவதைவிட, முதலில் விசிறியடியில் முக்கால்வாசி காயவிட்டு, ஜில்லென்ற அந்தக் கடைசி ஈரத்துக்கு மட்டும் இருபது நிமிடம் இயந்திரத்தைப் பயன்படுத்துவதே மழைக்காலத்துக்கு நான் கண்ட சிறந்த வழி. கனத்த துணிகளையும் மெல்லியவற்றையும் சேர்த்துப் போடக் கூடாது. ஜீன்ஸ் காய்வதற்குள் சட்டை கருகாத குறையாக வெந்துவிடும். உருளையில் துணி புரள இடம் வேண்டும். இஸ்திரிக்குப் போகும் துணியை முழுதாகக் காயவைக்கத் தேவையில்லை, லேசான ஈரத்தோடு நிறுத்தும் தேர்வு இயந்திரத்திலேயே இருக்கும்.

துணியின் உட்புறப் பட்டையில் சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் டம்பிள் ட்ரையருக்கு ஏற்றது. வட்டத்துக்குள் ஒரு புள்ளி குறைந்த வெப்பத்தையும், இரண்டு புள்ளிகள் வழக்கமான வெப்பத்தையும் குறிக்கும். அதன்மேல் பெருக்கல் குறி இருந்தால் போடக் கூடாது. பட்டு, கம்பளி, சரிகை, ரப்பர் அச்சிட்ட பனியன் ஆகியவற்றுக்குப் பட்டையைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, விலக்கிவிடலாம். எங்கள் வீட்டில் ஒரு கைத்தறிக் குர்தா, முதல் சலவையிலேயே இயந்திரத்துக்குள் போய்ப் பத்து வயதுப் பெண்ணுக்குப் பொருந்தும் அளவில் வெளிவந்தது. கைத்தறிப் பருத்தியை இரண்டு மூன்று முறை கொடியில் காயவைத்துச் சுருங்கவேண்டிய அளவு சுருங்கிய பின்பும், நான் இன்றுவரை துணிந்து உள்ளே போடுவதில்லை.

வடிகட்டியில் சேரும் பஞ்சை ஒவ்வொரு முறையும் எடுத்துவிட வேண்டும். அந்தப் பஞ்சு உங்கள் துணியிலிருந்து தேய்ந்து வந்தது என்பது ஒருபுறம். காற்றோட்டத்தை அடைத்து நேரத்தையும் மின்சாரத்தையும் கூட்டுவதும், எளிதில் தீப்பற்றுவதும் மறுபுறம். எண்ணெய் ஊறிய துணிக்கு இன்னும் கடுமையான தடை உண்டு. தீபாவளி வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருவதால், நல்லெண்ணெய்க் குளியல் முடித்த துண்டுகளை ட்ரையரில் போடும் ஆசை அன்றைக்கு வரவே செய்யும். துவைத்த பிறகும் துண்டில் எஞ்சும் எண்ணெய், சூட்டில் காற்றோடு வினைபுரிந்து தானாகவே வெப்பமேறக்கூடியது. குவித்து வைத்த சூடான துணிக்குவியலில் இயந்திரம் நின்ற பிறகும் தீ மூண்டுவிடலாம். அந்தத் துண்டுகளைத் தனியாக எடுத்து, வெந்நீரில் சோப்புத்தூள் கூட்டி இரண்டு முறை அலசி, விசிறியடியில் விரித்துப் போட்டுவிடுங்கள். மழை விட்டதும் மாடிக்குக் கொண்டுபோகலாம்.